பத்தரை முதல் பன்னிரண்டு வரை

அந்த ஒயரைக் காதிலிருந்து எடுத்துவிட்டீர்கள் என்றால் நன்றாக இருக்கும். இரண்டும் வேண்டாம், ஒரு காது போதும். குளித்தலையிலிருந்து கரூர் போக இந்தப் பேருந்துக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். கேட்காமலேயே ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தீர்கள். பதிலுக்கு நான் ஏதாவது தர வேண்டாமா? என்னிடம் பேச்சுதான் இருக்கிறது. வீட்டில் அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவர் இருந்தபோதும் செய்தித்தாளைத் தாழ்த்தாமல்தான் கேட்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் வத்சலா. கரூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறேன். சமையலறைத் துண்டு, மேசை விரிப்பு, ஏப்ரன், எல்லாம் வெளிநாட்டுக்குப் போகிறது. வாங்க வருகிறவர்களுக்கு ஆங்கிலம். எங்கள் முதலாளி நாச்சிமுத்துவுக்குத் தமிழ் மட்டும். நடுவில் நான். திருச்சியில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. படித்தவள். என் மேசை சாம்பிள் அறைக்குப் பக்கத்தில், ஜன்னல் ஓரம். மேலே பெயர்ப் பலகைகூட உண்டு. அந்த மேசைதான் கதை.

மொழிபெயர்ப்பு என்றால் வார்த்தைக்கு வார்த்தை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படிச் செய்திருந்தால் எங்கள் கம்பெனியை என்றைக்கோ மூடியிருப்பார்கள். ஒரு முறை முதலாளி ஓர் இத்தாலிக்காரரைப் பார்த்து, "இவன் சரியான கஞ்சனுங்க மேடம், டீக்குக் கூட விலை பேசுவான்" என்றார். நான் ஆங்கிலத்தில், "தங்களுடைய கவனத்தை முதலாளி மிகவும் மதிக்கிறார்" என்றேன். இத்தாலிக்காரர் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். முதலாளி பதிலுக்குக் கும்பிட்டார். இதுதான் என் வேலை. சொற்களில் இருக்கிற முள்ளை எடுத்துவிட்டு மீனை மட்டும் பரிமாறுவது.

ஜெர்மனிக்காரர் ஒருவர் வந்தார். சாம்பிளை நனைத்துப் பிழிந்து பார்த்துவிட்டு, சாயம் போகிறது, இதை அனுப்பாதீர்கள் என்று சொன்னார். மூன்று தடவை சொன்னார். இரண்டாவது தடவை மேசையைத் தட்டினார். நான் முதலாளியிடம், "நிறம் இன்னும் கொஞ்சம் நிலைத்தால் அவர் மகிழ்ச்சி அடைவார்" என்றேன். முதலாளியும் மகிழ்ச்சி அடைந்தார். அந்தச் சரக்கு ஏற்றிய கன்டெய்னர் அப்படியே திரும்பி வந்தது. கடல் காற்று பட்டிருக்கும். கப்பலில் எப்படிப் போட்டு அடைத்தார்களோ.

அதற்குப் பிறகுதான் முதலாளியின் மகன் யுவராஜ் ஆரம்பித்தான். இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊரில் எம்.பி.ஏ. படித்து வந்தவன். நல்ல பையன்தான், ஆனால் உட்கார்ந்து பேச மாட்டான். நின்றுகொண்டே பேசுவான். "அப்பா, மேடத்துக்கு வயசாயிருச்சு. எனக்கு இங்கிலீஷ் வரும். வேற பாஷைன்னா போன் இருக்கு. அவங்களுக்கு ஒரு விழா வெச்சு, மோதிரம் போட்டு, மரியாதையா அனுப்பிடலாம்." கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னான். கண்ணாடி மெல்லியது. மோதிரம் எனக்கு வேண்டாம். நான் அதை எந்த விரலில் போட்டுக்கொண்டு எங்கே போய் உட்கார?

முதலாளி மேசையிலிருந்த ஆர்டர் கோப்பைப் புரட்டினார். பிறகு, "ஜப்பான்காரரு வந்துட்டுப் போகட்டும்டா. அந்த ஆர்டர் கையெழுத்தாகட்டும். அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

லாலாபேட்டை வந்துவிட்டதா? இல்லை, இன்னும் இல்லை. சரி.

நான்கு வருடத்துக்கு முன் நடந்தது. ஜப்பானிலிருந்து ஹிராயாமா என்பவர் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சாம்பல் நிறக் கோட்டு. நிதானமான ஆங்கிலம், ஒவ்வொரு சொல்லையும் தட்டில் வைத்து நீட்டுவது போலப் பேசுவார். மூன்று வருட ஆர்டர் அளவுக்கு ஒரே வருடத்தில் எடுக்கிறேன் என்று எழுதியிருந்தார். வியாழக்கிழமை மாலை வந்து சேர்ந்தார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு எங்கள் ஹாலில் சின்ன விழா. ஒப்பந்தத்தில் கையெழுத்து. மதியச் சாப்பாடு. மாலையில் திருச்சிக்குப் போய் விமானம். இதுதான் ஏற்பாடு.

அன்று காலை நான் போனதும் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எழுபது வயது மனிதர், பள்ளிக்கூடப் பையன் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க மேடம், பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிக்குது. பன்னெண்டு வரைக்கும். அதுக்கு முன்னால கையெழுத்தை முடிச்சுப் போடோணும்."

"ஒன்பதரைக்கு விழா சார். தாராளமாக நேரம் இருக்கிறது."

"ஒருவேளை தள்ளிப் போச்சுன்னா பன்னெண்டுக்கு மேலதான். நடுவுல மட்டும் வேண்டாங்க. ஆனா எதுக்குன்னு அவருகிட்டச் சொல்லிப் போடாதீங்க. ரயிலை மணிக்கு முந்நூறு கிலோமீட்டர்ல ஓட்டறவங்க. நம்மளைப் பத்தி என்ன நெனைப்பாரு?"

எனக்கு ராகுவிலும் கேதுவிலும் நம்பிக்கை இல்லை. கல்லூரியிலேயே விட்டுவிட்டேன். ஆனால் ஒருவருடைய நம்பிக்கையை நான் கேலி செய்வதில்லை. சரி என்றேன்.

விழா ஒன்பது நாற்பதுக்கு ஆரம்பித்தது. முதலில் வரவேற்புக் கவிதை. நான்தான் எழுதியிருந்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை, நானாகத்தான். எட்டே பாட்டு. ஒவ்வொன்றையும் தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை. நடுநடுவே நெடுக்கே ஓடும் பாவு என்றால் என்ன, குறுக்கே ஓடும் ஊடை என்றால் என்ன என்று சின்னச் சின்ன விளக்கம், ஜப்பானியருக்குப் புரிய வேண்டும் இல்லையா. இரண்டாவது பாட்டில் இப்படி வரும்:

கடல் தூரம் அன்று, விரித்த நீலத் துணி.
இருகரை நின்று இருவர் மடித்தால்
மடிப்புக்கு ஒருமுறை நெருங்கி வருவர்.

போர்வை மடித்திருக்கிறீர்களா, இரண்டு பேராக? அதைத்தான் சொன்னேன். நன்றாக இருக்கிறதா? அந்தப் பாட்டை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

யுவராஜ் பின்னால் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினான். பசி போலிருக்கிறது, சாப்பாட்டு ஞாபகம். முதலாளி நான்கைந்து தடவை தொண்டையைச் செருமினார். பஞ்சுத் தூசி. ஹிராயாமா மட்டும் அசையாமல் கேட்டார். அவ்வப்போது கோட்டுப் பையிலிருந்து சின்ன டைரி ஒன்றை எடுத்து ஒரு பக்கத்தைப் பார்த்து, திரும்ப வைத்துக்கொண்டார். குறிப்பு எடுக்க நினைத்துப் பேனா கிடைக்கவில்லை என்று எண்ணினேன்.

முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால் பத்து முப்பத்து நான்கு. நேரம் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. மைக் ஆரம்பத்தில் இரண்டு முறை கீச்சிட்டது. அதில் போயிருக்கும். அந்த மைக்செட்காரனை அதோடு மாற்றச் சொல்லிவிட்டேன்.

முதலாளியின் முகம் சாயம் ஏறாத காடாத் துணி மாதிரி ஆகிவிட்டது. ஒப்பந்தம் மேசையில் இரண்டு பிரதியாக இருந்தது. பேனா இருந்தது. அவர் பேனாவைத் தொடவில்லை. "டீ சாப்பிடலாமுங்க" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு என் காதருகே வந்தார்.

"மேடம், பன்னெண்டு வரைக்கும் இழுங்க."

இழுத்தேன். ஹிராயாமாவிடம், "நூலிலிருந்து துணி வரை பார்த்த பிறகுதான் விருந்தாளி கையெழுத்துப் போட வேண்டும், அது எங்கள் வழக்கம்" என்றேன். அப்படி ஒரு வழக்கம் உலகத்தில் எங்கும் கிடையாது. ஆனால் சொன்னபோது எனக்கே அழகாகத் தெரிந்தது. பாவு ஓட்டும் இடம், தறி ஷெட், தையல், இஸ்திரி, பேக்கிங் என்று கூட்டிப் போனேன். ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவர் குனிந்து வணக்கம் சொன்னார். தையல் பெண்கள் எழுந்து எழுந்து திருப்பிக் குனிந்ததில் அரை மணி நேர உற்பத்தி போயிற்று. அதுவும் நல்லதற்குத்தான், நேரம் போக வேண்டுமே.

ஆனால் அவர் நடை வேகமாகிக்கொண்டே வந்தது. டைரி வெளியே வந்தது, உள்ளே போயிற்று. பதினொன்றேகாலுக்கு, சாம்பிள் அறை வாசலில் நின்றுவிட்டார்.

"மேடம், ஒரு விஷயம் சொல்லலாமா? தயவுசெய்து திரு. நாச்சிமுத்துவிடம் சொல்ல வேண்டாம்."

சொல்லுங்கள் என்றேன்.

டைரியைத் திறந்து காட்டினார். தேதிக்குக் கீழே பொடியாக இரண்டு எழுத்து. அவர்கள் ஊரில் நாட்களுக்கு ஆறு வகை உண்டாம், மாறி மாறி வருமாம். ஒரு வகை நாளில் முற்பகல் நல்லது, மதியம் பன்னிரண்டுக்கு மேல் ஆகாது. அன்று அந்த வகை நாள்.

"எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை" என்றார். காது சிவந்திருந்தது. "எங்கள் தலைவர் என் மனைவியின் தந்தை. வயது எண்பத்து நான்கு. ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் நாளையும் நேரத்தையும் பார்ப்பார். மதியத்துக்கு மேல் போட்டிருந்தால் எதுவும் சொல்ல மாட்டார். சொல்லாமல் இருப்பார். அதுதான் கஷ்டம். பன்னிரண்டு மணிக்குள் முடியாவிட்டால் நான் கையெழுத்துப் போடாமலேயே ஊருக்குப் போக வேண்டியிருக்கும்."

"முதலாளியிடம் சொன்னால் புரிந்துகொள்வார்" என்றேன், வாய் தவறி.

"வேண்டாம், வேண்டாம். உங்கள் நாட்டினர் நிலவுக்கு விண்கலம் அனுப்பியவர்கள். அவர் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்?"

கேட்டீர்களா? அதே வாக்கியம். ரயிலுக்குப் பதில் விண்கலம், அவ்வளவுதான் வித்தியாசம். இருபத்தெட்டு வருடத்தில் நான் மொழிபெயர்க்கத் தேவையே இல்லாமல் இருந்த ஒரே வாக்கியம் அது. அதைத்தான் யாரிடமும் சொல்லக் கூடாது என்றார்கள்.

நீங்கள் கேட்பீர்கள், இருவரையும் ஒரு மேசையில் உட்கார வைத்துச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று. வாக்குக் கொடுத்துவிட்டேன், அது ஒன்று. வியாபாரத்தில் ஒருவர் பலவீனம் இன்னொருவருக்குத் தெரியக் கூடாது, அது இரண்டு. மூன்றாவது ஒன்று இருக்கிறது. இருவருக்கும் நடுவில் சொல்ல முடியாத ஒன்று இருக்கும் வரைதான் நடுவில் ஓர் ஆள் தேவை. அதை அப்போது நினைத்தேனா, பிறகு நினைத்தேனா என்று இப்போது நினைவில்லை.

ஆக, ஒருவருக்குப் பன்னிரண்டுக்குள் வேண்டும். ஒருவருக்குப் பன்னிரண்டு தாண்டி வேண்டும். மேசையில் ஒரே ஒப்பந்தம். என் மேசையும் அதில்தான் இருக்கிறது. யுவராஜ் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "என்ன மேடம், இன்னும் சுத்திக் காட்டறீங்களா?" என்றான். "தோட்டம் பாக்கி" என்றேன். எங்களிடம் தோட்டம் கிடையாது.

பதினொன்று நாற்பதுக்கு வழி தோன்றியது. போய் ஒப்பந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு நேராக சாம்பிள் அறைக்கு வந்தேன். "சரக்குகளுக்கு நடுவில் நின்று விருந்தாளி முதலில் கையெழுத்துப் போடுவது எங்கள் ஊரில் மிகப் பெரிய மரியாதை" என்றேன். அன்றைக்கு நான் உண்டாக்கிய இரண்டாவது வழக்கம். ஹிராயாமா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு பையிலிருந்து விரல் அளவு முத்திரை ஒன்றை எடுத்தார், சிவப்பு மையில் ஒற்றினார், இரண்டு பிரதியிலும் வைத்தார். கையெழுத்தும் போட்டு, பக்கத்தில் நேரம் எழுதினார். பதினொன்று நாற்பத்தாறு. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், மேசையிலிருந்த ஷேட் கார்டு, நிற மாதிரி ஒட்டிய அட்டை, பறந்தது.

இனி மறுபாதி. முதலாளி அறையில் கடிகாரத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தார். கோப்பைத் திறந்தார். சிவப்பு முத்திரை.

"இதை எப்ப வெச்சாருங்க?"

"இப்போதுதான் சார்."

"ராகுலயா?"

"அவர் அவருடைய ஊர்க் கணக்கில் போட்டார் சார். அங்கே இப்போது மணி மூன்றேகால். பன்னிரண்டெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது."

முதலாளி யோசித்தார். "சூரியன் அங்க மொதல்ல உதிச்சிருதுங்களா?"

"மூன்றரை மணி நேரம் முன்பே."

"ராகு சூரியனை வெச்சுத்தானுங்களே."

"அதைத்தான் நானும் சொல்கிறேன்."

இந்தக் கணக்கை ஹிராயாமாவிடம் சொல்லாமல் விட்டேன். சொல்லியிருந்தால், அவர் ஊரின் நல்ல முற்பகல் அவர் இங்கே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே முடிந்துவிட்டது என்று ஆகியிருக்கும். ஒரே சூரியனை இரண்டு பேருக்கும் இரண்டு விதமாகப் பரிமாறினேன்.

முதலாளி சமாதானம் ஆனார். ஆனால் விடவில்லை. "அவரு எதுக்குங்க மேடம் இவ்வளவு அவசரமா வெச்சாரு? பன்னெண்டடிக்கப் போற நேரத்துல?"

"மரியாதை சார்."

"மரியாதைங்களா" என்றார். என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாக சாம்பிள் அறையைப் பார்த்தார். அங்கே ஹிராயாமா எங்கள் தினசரிக் காலண்டரின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் டைரி. இன்னொரு கை விரலால் தாளின் கீழே பொடி எழுத்தில் நேரம் போட்டிருக்கும் கட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தார். பத்தரை, பன்னிரண்டு என்ற எண்களுக்கு மொழி ஏது. முதலாளி எழுந்து போனார். அவர் பக்கத்தில் நின்றார். இவர் காலண்டரைக் காட்டினார், அவர் டைரியைக் காட்டினார், இவர் அவர் தோளில் தட்டினார். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் தலையிடவில்லை. அந்த வருடக் காலண்டரில் முருகன் படம் நன்றாக இருக்கும், அதை ரசிக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

பன்னிரண்டு நான்குக்கு முதலாளி கையெழுத்துப் போட்டார். ஆர்டர் எங்களுக்கு. மதியச் சாப்பாட்டில் அந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார்கள். ரசத்தைப் பார்த்துச் சிரித்தார்கள், அப்பளத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். வியாபாரம் நன்றாக முடிந்தால் அப்படித்தான் இருக்கும்.

கிளம்பும்போது ஹிராயாமா யுவராஜைக் கூப்பிட்டு, என்னைக் காட்டி, "அடுத்த ஆண்டும் மேடம் இருக்க வேண்டும். அவர் இல்லாமல் எங்களால் பேச முடியாது" என்றார். யுவராஜ் மோதிரப் பேச்சை விட்டான். ஹிராயாமா என்னிடம் தனியாக, "கவிதை மிக நன்றாக இருந்தது. அடுத்த ஆண்டு அதைக் கையெழுத்துக்குப் பிறகு கேட்க விரும்புகிறேன்" என்றார். கவிதை என்பது கடைசியில் சூட்டும் கிரீடம் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. நம்மவர்களுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து கையெழுத்து முதலில், கவிதை பிறகு. முதலாளியே உத்தரவு போட்டுவிட்டார்.

கிருஷ்ணராயபுரம். ஏறுகிறவர்களுக்கு இடம் விடுங்கள், உங்கள் பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ம்.

நான்கு வருடமாக அந்த இரண்டு ரகசியத்தையும் நான் காப்பாற்றி வருகிறேன். இதோ, கைப்பையில் இரண்டும் இருக்கிறது, பாருங்கள். இது நம் பஞ்சாங்கம். இது ஹிராயாமா எனக்கு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அனுப்பும் டைரி. அந்த ஆறு வகை நாளின் எழுத்துகளையும் படம் மாதிரிப் பார்த்துப் பழகிக்கொண்டேன். ஒவ்வொரு வருடமும் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகும் நாளை, ஒருவருக்கொருவர் தெரியாமல், நான் கண்டுபிடிக்க வேண்டும். எந்தப் போனால் இதைச் செய்ய முடியும், சொல்லுங்கள்.

அதிர்ஷ்டமும் கூட இருக்கிறது. முதலாளி, "மேடம், இந்தத் தேதி காலையில வெச்சுக்கலாமுங்களா?" என்று ஒரு தேதி சொல்வார். வீட்டுக்குப் போய் டைரியைப் பார்த்தால் ஜப்பான் கணக்கிலும் அது நல்ல முற்பகலாக இருக்கும். நான்கு முறையும் அப்படி. அவர் சொன்ன முதல் தேதியே. தற்செயல் என்பது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள். முதலாளியும் வருடா வருடம் ஹிராயாமாவுக்கு ஒரு தினசரிக் காலண்டர் பார்சல் அனுப்புகிறார். தமிழே தெரியாதவருக்கு எதற்கு என்று கேட்டேன். "முருகன் படத்துக்குத்தானுங்க" என்றார்.

இரண்டாவது வருடம் யுவராஜ் விடாமல் போனைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தான். மொழிபெயர்க்கும் போன். முதலாளி தமிழில் பேசினார். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் ஜப்பானிய மொழியில் பேசினாள். ஹிராயாமா முழுவதும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "மேடம், இது என்ன சொல்கிறது?" என்றார். பிறகு அவர் பேசினார். போன் தமிழில் சொன்னது. நியாயமாகச் சொல்ல வேண்டும், நன்றாகவே சொன்னது. "டெலிவரியைப் பதினைந்து நாள் முன்னால் தர முடியுமா?" என்று தெளிவாகக் கேட்டது. எனக்குப் புரிந்தது, டீ கொண்டுவந்தவருக்குக்கூடப் புரிந்தது. முதலாளி மட்டும் கன்னத்தைச் சொறிந்துகொண்டு, "எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க. மேடம், நீங்களே கேட்டுச் சொல்லுங்க" என்றார். யுவராஜ் போனை எடுத்துச் சட்டையில் துடைத்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டான். இயந்திரம் எப்போதும் இயந்திரம்தான்.

இன்றைக்கு ஐந்தாவது ஒப்பந்தம். அதற்குத்தான் போகிறேன். ஹிராயாமாவுக்கு இது கடைசி வருகை, ஓய்வு பெறுகிறார். அடுத்த வருடத்திலிருந்து வேறு ஒருவர் வருவார், முப்பது வயதாம். அதைக் கேட்டதிலிருந்து யுவராஜ் என் மேசையைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. போன வாரம் ஒரு டேப்பை வைத்து அதன் நீளத்தை அளந்தான். பிரிண்டர் வைக்கவாம்.

நேற்று மாலை ஹிராயாமா கரூர் வந்துவிட்டார். ஐந்தரைக்கு ஓட்டலில் சந்திப்பு என்று முதலாளி சொல்லியிருந்தார். நான் ஐந்துக்கே போய்விட்டேன். வரவேற்பறைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் இரண்டு பேரும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் டீபாயில் கிழித்த காலண்டர் தாள்கள், டைரி, ஒரு போன். இரண்டு தலையும் ஒன்றை ஒன்று முட்டுகிற அளவு குனிந்திருந்தன. ஒருவர் போனில் பேசுவார், அது பேசும், இன்னொருவர் சிரிப்பார். பிறகு இவர் பேசுவார், அது பேசும், அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

நான் கொஞ்ச நேரம் வெளியே நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. செருப்பில் ஏதோ ஒட்டியிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்ததும் இருவரும் எழுந்தார்கள். முதலாளி தாள்களைச் சுருட்டி வேட்டி மடிப்பில் செருகினார். ஹிராயாமா டைரியை மூடினார். போனை முதலாளி சட்டைப் பையில் போட்டார். அது அங்கிருந்தும் பேசிக்கொண்டே இருந்தது. "அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், அவர் வருத்தப்படுவார்" என்றது. முதலாளி இருமினார். எந்த அம்மாவோ. இரண்டு பேருக்கும் வீட்டில் மனைவி உண்டு, ஏதாவது வாங்கிக் கொடுக்கிற ரகசியமாக இருக்கும். நான் கேட்கவில்லை.

ஹிராயாமா இடுப்பு வரை குனிந்தார். "மேடம், நல்ல வேளை வந்தீர்கள். அரை மணி நேரமாக எங்களுக்கு ஒன்றுமே புரியவில்லை."

"ஆமாங்க மேடம்" என்றார் முதலாளி. "அவருக்குப் பிரயாணம் சௌகரியமா இருந்துச்சான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்களேன்."

கேட்டுச் சொன்னேன்.

அப்புறம் காரில் ஏறும்போது முதலாளி கதவைப் பிடித்துக்கொண்டு, "மேடம், அடுத்த வருசம் வர்றவருகிட்ட ஹிராயாமா சார் பேசிட்டாருங்க" என்றார்.

"என்ன பேசினார்?"

"அவருக்கும் ஒண்ணும் புரியாதுன்னு சொல்லிட்டாரு. நீங்க இருந்தாகோணும். யுவராஜ்கிட்ட பிரிண்டரை வேற எடத்துல வெச்சுக்கச் சொல்லிட்டேன்."

பாவம், அந்த மனிதருக்கும் புரியாதாம். முப்பது வயதில். சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

மாயனூர் தாண்டிவிட்டோம், பாருங்கள், ஆற்றில் தண்ணீர் போகிறது. நீங்கள் இன்னொரு ஒயரையும் எடுத்துவிட்டீர்களே, நான் கவனிக்கவில்லை.

இன்று காலையில் எழுந்ததும் கவிதையில் ஒன்பதாவது பாட்டு ஒன்று சேர்த்தேன். அந்த நீலத் துணிதான், அதையே கொஞ்சம் மாற்றி. துணி மிகவும் பெரிதாக இருந்தால் இரண்டு பேர் போதாது. நடுவில் ஒருவர் தரையில் படாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும். எங்கள் பேக்கிங் பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள். அதைத்தான் எழுதினேன். மடிக்க மடிக்கத் துணி சிறுத்துவிடும், இரண்டு பேரும் பக்கத்தில் வந்துவிடுவார்கள், அப்போது நடுவில் நிற்கிறவர் கையை எடுத்துவிடலாம். அந்த வரி வந்தது. அதை மட்டும் எழுதவில்லை.

கரூர் வந்தாயிற்று. மணி என்ன, எட்டே முக்கால்தானே? ஒன்பதரைக்குக் கையெழுத்து. இன்று புதன்கிழமை, ராகு பன்னிரண்டுக்குத்தான். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, சும்மா சொன்னேன். அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள்? கவிதை ஒன்பது பாட்டுதான். ஆட்டோ வரும்வரை நின்றீர்கள் என்றால் முதல் இரண்டையாவது கேட்டுவிடலாம்.